ஆயுத பூஜைக்குள் கார் நிற்கட்டும்

டிசம்பரில் ராத்திரி பதினொரு மணிக்கு யாராவது ஷட்டரைத் தட்டினால், அது கல்லூரி ரேஸ் டீம் பிள்ளைகள்தான். "அண்ணா, ஒரே ஒரு பிராக்கெட். வெல்டு வச்சுக் கொடுத்துடுங்க." தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் லேத்தும் வெல்டிங்கும் வைத்திருக்கிறேன். புதுச்சேரி, கடலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பத்து வருஷத்துக்கு மேலாகச் சேசிஸ், அதாவது காரின் எலும்புக்கூட்டு வேலை செய்து தருகிறேன். மாணவர்கள் தாங்களே வடிவமைத்துச் செய்த சின்ன ரேஸ் காரோடு கலந்துகொள்ளும் போட்டி அது. ஜனவரி வாக்கில், கோவை செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் நடக்கும். கார் முடிவதோ, பெரும்பாலும் வண்டி ஏற்றும் நாள் காலையில். போட்டியில் தோற்றால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் பயமெல்லாம் உள்ளே உட்காரும் பிள்ளையை நினைத்துத்தான்.

சில வருஷத்துக்கு முன் ஒரு டீம் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கல்லூரி மைதானத்தில் டிரையல் பார்த்தார்கள். நானும் போயிருந்தேன். போட்டியில் பிரேக் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. வேகமாக வந்து மிதித்தால் நாலு சக்கரமும் ஒருசேரப் பூட்டி, கார் நேராக நிற்க வேண்டும். அதில் தேறாமல் டிராக்கில் ஓட விடமாட்டார்கள். முதல் இரண்டு தடவை நன்றாகவே நின்றது. மூன்றாவது தடவை கார் அடையாளத்துக்கு வைத்த கூம்புகளைத் தள்ளிக்கொண்டு போய், பழைய டயர் அடுக்கில் முட்டித்தான் நின்றது. ஓட்டிய தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இறங்கியவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

முன் இடது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். சக்கரத்தோடு சுழலும் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில், பிரேக் ஹோஸ் வந்து சேரும் இடத்தில் ஒரு பாஞ்சோ போல்ட் (ஆயில் போக நடுவில் துளையுள்ள போல்ட்) இருக்கும். ஹோஸ் முனைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு செம்பு வாஷர் போட்டு இறுக்க வேண்டும். அங்கே ஒன்றுதான் இருந்தது. பிரேக் ஆயில் கசிந்து, காலிப்பருக்கு அடித்திருந்த சிவப்புப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. "காலையில மூணு மணிக்கு நான்தான் டைட் பண்ணேன் அண்ணா. வாஷர் போட்டேனா இல்லையான்னே ஞாபகம் இல்ல" என்றான் இன்னொரு தம்பி. அவன் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. கெட்டிக்காரப் பையன், கை சுத்தம் உள்ளவன். தூக்கம் இல்லாத கை அப்படித்தான் செய்யும். இரண்டு தனித்தனி பிரேக் லைன் இருக்க வேண்டும், ஒன்று போனாலும் குறைந்தது இரண்டு சக்கரமாவது பிடிக்க வேண்டும் என்று போட்டி விதியே சொல்கிறது. அந்த விதி இருந்ததால் பின் சக்கரம் பிடித்தது, வேகம் குறைந்தது.

இதைச் சொன்னால் பிள்ளைகளிடமிருந்து ஒரு பதில் வரும்: "ஃபார்முலா ஒன் டீமே கடைசி நிமிஷம் வரைக்கும் வேலை பாக்குறாங்க அண்ணா." பார்க்கிறார்கள், உண்மைதான். அப்படிப் பார்த்த டீம்களுக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2010-இல் எச்ஆர்டி என்ற சிறிய ஃபார்முலா ஒன் அணிக்காக நம் சென்னையின் கருண் சந்தோக் பஹ்ரைனில் அறிமுகமானார். தன் காரை அவர் முதன்முதலில் ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான். மறுவருஷம் அதே அணியில் கோவையின் நரேன் கார்த்திகேயன். சீசனுக்கு முந்தைய சோதனையில் ஒருநாள்கூட ஓடாத புதுக் காரோடு மெல்போர்ன் போனார்கள். தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் முதலிடம் எடுத்த நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்பது விதி. இரண்டு கார்களும் வரவில்லை, பந்தயத்தில் நிற்கவே விடவில்லை. எவ்வளவு திறமையான டிரைவராக இருந்தாலும், ஓடிப் பார்க்காத காரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

சிறிய அணிக்குத்தான் இந்தக் கதி என்றும் நினைக்க வேண்டாம். பல பட்டங்கள் வென்ற வில்லியம்ஸ் அணிக்கு 2019-இல் கார் நேரத்துக்கு முடியவில்லை. பார்சிலோனாவில் சோதனைக்கு இருந்ததே எட்டு நாள். அதில் முதல் இரண்டரை நாள் கார் வந்தே சேரவில்லை. அந்த வருஷம் முழுக்க அவர்கள் எடுத்தது ஒரே ஒரு புள்ளி.

இன்னொரு மயக்கமும் இருக்கிறது. லேப்டாப்பில் சிமுலேஷன் படத்தைக் காட்டுவார்கள், எல்லாம் பச்சையாக இருக்கும். "ஸ்ட்ரெஸ் ஒண்ணும் இல்ல அண்ணா." 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு முறை அணிப் பட்டம் வென்ற மெர்சிடிஸிடம் இல்லாத கம்ப்யூட்டரா? 2022-இல் புது விதிப்படி செய்த கார், டிராக்கில் வேகம் எடுத்ததும் தவளை மாதிரி குதிக்க ஆரம்பித்தது. தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் நடுவே பாயும் காற்று காரைக் கீழே இழுக்கும். ரொம்பத் தாழ்ந்தால் காற்று தடைப்பட்டு இழுவை விட்டுப்போகும், கார் எழும்பும், மறுபடி இழுக்கும். காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைப்பது 60 சதவீத அளவு மாடல், காற்றின் வேகமும் விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல் கூடாது. அங்கே அந்தக் குதிப்பு சரியாகத் தெரியவில்லை. அஜர்பைஜானின் பாகு நகரில் பந்தயம் முடிந்து அந்த அணியின் டிரைவர் லூயிஸ் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரைவிட்டு இறங்கியதை நம் பிள்ளைகளும் பார்த்தார்கள். அந்த சீசனில் அந்த அணிக்குக் கிடைத்தது ஒரே வெற்றி. கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் வைத்த வெல்டு உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அந்தப் பச்சைப் படத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான். பிரேக் பெடல் 2,000 நியூட்டன் தாங்க வேண்டும் என்று விதி, கிட்டத்தட்ட 200 கிலோ. கணக்குப் போட்டுவிட்டு நிறுத்தாமல் நிஜமாகவே ஏறி மிதித்துப் பாருங்கள்.

அதனால் என்னிடம் வரும் டீம்களுக்கு இப்போது ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். ஆயுத பூஜையன்று பட்டறையில் லேத்துக்குப் பொட்டு வைக்கும்போது, உங்கள் காரும் தன் சக்கரத்தில் நிற்க வேண்டும். அதற்குமேல் டிசைனில் புதிதாக எதுவும் கிடையாது. எடையில் இரண்டு கிலோ குறைக்க புது பிராக்கெட் என்றால் அது அடுத்த வருஷக் காருக்கு.

நம் ஊருக்கு இந்தத் தேதி ரொம்ப முக்கியம். பூஜை முடிந்த கையோடு மழை பிடித்துக்கொள்ளும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. என் பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர், செங்கல் அடுக்கி அதன்மேல் சேசிஸை ஏற்றி வைத்திருந்தோம். கடல் காற்றில் பைப் ஒரே வாரத்தில் துருப் பூக்கும், அதைச் சுத்தமாகத் தேய்க்காமல் வெல்டு வைத்தால் உள்ளே ஓட்டை விழும். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்தத் தாங்குதிறன் 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவி, ஆவி இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், பிரேக் பிடிக்காது. போன வருஷம் திறந்த டப்பாவில் பாதி இருக்கிறது என்று ஊற்றாதீர்கள். அதைச் சேமிப்பதில் என்ன லாபம்?

டிரையல் பார்க்க இடம் இல்லை என்பார்கள். நியாயமான குறைதான், கல்லூரி நிர்வாகம்தான் மனசு வைக்க வேண்டும். அதற்காக விடியற்காலையில் ஈசிஆருக்குக் காரைக் கொண்டுபோவது கூடவே கூடாது. அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்த நேரத்தில்தான் மீன்காரம்மாக்கள் கூடையோடு ரோட்டைக் கடப்பார்கள். எலக்ட்ரிக் கார் செய்யும் டீம் என்றால் இன்னொன்று: பேட்டரிப் பெட்டியைத் தனியாளாக, அதுவும் ராத்திரியில் திறக்காதீர்கள்.

பெற்றோரும் ஆசிரியர்களும் ஒன்றைக் கவனியுங்கள். கோவைக்கு இங்கிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல். மூன்று நாள் கண்விழித்த பிள்ளைகளே ராத்திரியில் வேனை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். போட்டிக் காருக்குள் ரோல் ஹூப் (கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளையம்), பெல்ட் எல்லாம் இருக்கிறது. அந்த வேனில் என்ன இருக்கிறது? தனி டிரைவர் போட்டு அனுப்புங்கள்.

இந்த வருஷ டீமின் கேப்டன் கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) பெண். சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் காரை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். இன்ஜின் இன்னும் ஏறவில்லை, பாடி இல்லை, ஆனால் பிரேக் முழுசாக இருந்தது. ஒவ்வொரு போல்ட்டிலும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கியதற்கு அடையாளமாக மஞ்சள் பெயின்ட் கோடு. பக்கத்தில் ஒரு நோட்டு, யார் இறுக்கியது, யார் சரிபார்த்தது என்று இரண்டு கையெழுத்து. முன் இடது காலிப்பரைக் குனிந்து பார்த்தேன். இந்தப் பக்கம் ஒரு செம்பு வாஷர், அந்தப் பக்கம் ஒன்று.

"எலுமிச்சம்பழம் எத்தனை அண்ணா வாங்கணும்?" என்று கேட்டாள். நாலு என்றேன்.