பதக்கம் பெற்றவரை அலங்கரிக்காதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து, எல்லோருமாக இரண்டாம் உலகப்போர் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சீருடையில் ஓர் இளைஞனின் கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. கீழே தமிழில் ஒரு வரி: "அமெரிக்காவின் மிகவும் அலங்கரிக்கப்பட்ட வீரர்." சாதாரண தரம் படிக்கும் அக்காவின் மகள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, இவருக்குச் செத்த பிறகா அலங்காரம் செய்தவை? மலர்ச்சாலையிலயா?"

அவள் பகிடிக்குக் கேட்கவில்லை. கொழும்பில் வளரும் பிள்ளை 'அலங்கரிக்கப்பட்ட' என்ற சொல்லை எங்கே கேட்டிருக்கும்? ஆடிவேலுக்கு அலங்கரிக்கப்பட்ட ரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும். நவம் பெரஹராவில் கங்காராமை யானைகள் அலங்கரிக்கப்பட்டு நடக்கும். கலியாண வீட்டில் மணவறை, மாப்பிள்ளையின் கார், அப்புறம் மலர்ச்சாலையில் பூக்களுக்கு நடுவே கிடத்தப்பட்ட உடல். அந்தச் சொல் அவளுக்குக் கொடுத்த படம் இதுதான். பிழை பிள்ளையிடம் இல்லை, அந்த வரியை எழுதியவரிடம் இருக்கிறது.

ஆவணப்படம் சொல்ல வந்த ஆள், ஓடி மர்பி என்ற பெயருள்ள அமெரிக்கப் படைவீரர். 1945 ஜனவரி 26 அன்று, பிரான்சில் ஒல்ட்ஸ்விர் என்ற ஊருக்கு அருகே, தீப்பிடித்து எரிந்த கவச வாகனம் ஒன்றின் மேல் தனியாக ஏறி, அதிலிருந்த இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஜெர்மன் படையை மறித்து நின்றவர். காலில் காயம். வயது 19. அதற்காக அமெரிக்காவின் மிக உயர்ந்த போர்ப் பதக்கமான மெடல் ஒஃப் ஓனர் அவருக்கு வழங்கப்பட்டது. இத்தனையையும் செய்தவரைக் காட்டி, 'அலங்கரிக்கப்பட்டவர்' என்று சொன்னால் என் மருமகள் வேறு என்னத்தை நினைப்பாள்?

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வரி ஆங்கிலத்தின் 'டெகரேட்' என்ற சொல்லை அப்படியே 'அலங்கரி' ஆக்கியிருக்கிறது. 'டெகரேட்' இலத்தீனிலிருந்து வந்தது. 'டெகுஸ்' என்றால் மேன்மை, புகழ். அதிலிருந்து பிறந்த வினைக்கு அழகுபடுத்து என்றும் பொருள், மேன்மைப்படுத்து என்றும் பொருள். இரண்டும் ஆங்கிலத்துக்குள் சேர்ந்தே போயின. அதனால்தான் அவர்கள் கேக்கையும் டெகரேட் செய்கிறார்கள், படைவீரரையும் டெகரேட் செய்கிறார்கள். நம்முடைய 'அலங்கரி'யில் முதல் பொருள் மட்டும்தான் உண்டு. கண்ணுக்கு அழகாக்குவது, அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். என்னோடு நீண்ட காலம் மொழிபெயர்ப்பு வேலை பார்த்த நண்பர் ஒருவர், சிங்களமும் சமஸ்கிருதமும் நன்றாக அறிந்தவர், இப்படி வாதாடுவார்: "இலங்கை இராணுவத்தின் மிக உயர்ந்த பதக்கத்தின் பெயர் என்ன? பரம வீர விபூஷண. விபூஷணம் என்றால் என்ன? அணிகலன், அலங்காரம். சிங்களவரும் அதைத்தானே சொல்கிறார்கள்? இந்தியாவில் பத்ம விபூஷண் இல்லையா? நம் பழைய வீரர்கள் காலில் கழல் கட்டவில்லையா? வீரனுக்கு அணி பூட்டுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். நீங்கள் மட்டும் ஏன் கூச்சப்படுகிறீர்கள்?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று இடத்தில் இடறுகிறது.

விபூஷண என்பது அங்கே பதக்கத்தின் பெயர். பெயரை நாம் மொழிபெயர்ப்பதில்லை. பரம வீர விபூஷண என்றுதான் தமிழிலும் எழுதுகிறோம், அது சரி. அதற்காக அதைப் பெற்றவரை 'விபூஷிக்கப்பட்டவர்' என்று யாராவது எழுதுகிறார்களா? எழுதினால் யாருக்காவது விளங்குமா? பெயருக்குள் இருக்கும் பொருளை வெளியே இழுத்து வினையாக்கிய இடத்தில்தான் குழப்பம் தொடங்குகிறது. இதே வரிசையில் ரண விக்ரம, ரண சூர என்ற பதக்கங்களும் இருக்கின்றன. 'ரண' என்றால் வடமொழியில் போர். தமிழில் ரணம் என்றதும் எல்லோருக்கும் புண்தான் நினைவுக்கு வரும், ஏனென்றால் 'விரணம்' என்ற வேறொரு சொல்லும் தேய்ந்து ரணமாகிவிட்டது. போர் என்ற பொருள் ரணகளம் என்ற சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரைப் பிரித்துப் பொருள் சொல்லப் போனால் 'புண் வீரர்' ஆகிவிடும். ஆகவே பெயரைப் பெயராக விட வேண்டும்.

கழலுக்கு வருவோம். வீரன் கழல் கட்டினான், புனைந்தான் என்று இலக்கியம் சொல்லும். வாகை சூடினான் என்று சொல்லும். அங்கே எல்லாம் செய்கிறவன் வீரன். 'அலங்கரிக்கப்பட்ட' என்றால் அவன் சும்மா நிற்கிறான், வேறு யாரோ வந்து அவனை அழகாக்கிவிட்டுப் போகிறார்கள். வீரனைத் தேர் ஆக்குகிற வினை அது.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். புறநானூற்றில் 167ஆம் பாட்டு ஏனாதி திருக்கிள்ளியைப் பாடுகிறது. ஏனாதி என்பதே படைத்தலைவனுக்கு அரசன் கொடுக்கும் பட்டம். அதாவது இன்றைய கணக்கில் அவன் ஆங்கிலத்தின் 'டெகரேட்டட் சோல்ஜர்'தான். அவனைப் பார்த்துப் புலவர் சொல்வது என்ன? எதிர்த்து நின்று வாள் வெட்டுப் பட்டதால் உடம்பு முழுக்க வடு, ஆகவே நீ "கேள்விக்கு இனியை, கட்கு இன்னாயே" என்கிறார். உன் புகழ் காதுக்கு இனிக்கிறது, உன் உடம்பைக் கண் பார்க்க முடியவில்லை. உன் பகைவர் புறமுதுகு காட்டி ஓடியதால் அவர்கள் உடம்பில் காயமே இல்லை, பார்க்க அழகாக இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிக் கேட்கத்தான் நன்றாக இல்லை. பட்டம் பெற்ற வீரனை நம் மொழி முதன்முதலில் எப்படிப் பார்த்தது என்று இந்தப் பாட்டில் இருக்கிறது. கண்ணுக்கு அழகானவன் ஓடியவன். நின்றவன் வடுப்பட்டவன். அவனைப் போய் 'அலங்கரிக்கப்பட்டவன்' என்றால், அவனுடைய பகைவனின் சொல்லை எடுத்து அவனுக்குச் சூட்டுகிறோம்.

சரி, அலங்காரம் வேண்டாம் என்றால் எது வேண்டும்? இங்கே இன்னொரு கூட்டம் 'மறவிருது', 'மறமாண்பர்' என்றெல்லாம் ஆக்கித் தருகிறது. நல்ல மனத்தோடு செய்கிறார்கள், தனித்தமிழ் மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் மறம் என்றதும் இன்றைய வாசகர் அறத்துக்கு எதிரானது என்று நினைக்கிறார். 'மறமாண்பர்' என்று ஒரு கூட்ட அறிவித்தலில் பார்த்தபோது, மறைந்த பெரியவர் யாரோ என்று ஒரு கணம் நானே நினைத்தேன். விளக்கம் எழுதி விளங்கவைக்க வேண்டிய சொல் செய்திக்கு உதவாது.

'விருது பெற்ற வீரர்' என்பது பரவாயில்லை. ஆனால் விருது இன்று கவிதைத் தொகுதிக்கும் உண்டு, சிறந்த நடிகருக்கும் உண்டு. வீரர் என்பது கிரிக்கெட் ஆடுகிறவருக்கும் பெயர். இரண்டையும் சேர்த்தால் ஆண்டின் சிறந்த பந்துவீச்சாளர் என்று படிக்கலாம். 'மாவீரர்' என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் தமிழரிடையே தனியான ஒரு பொருள் நிலைத்துவிட்டது. அதைத் தெரியாதவர் போல எந்த அரசின் பதக்கத்துக்கும் அதை எடுத்துப் போடக் கூடாது.

தொல்காப்பியத்தில் வஞ்சித் திணையில் "மாராயம் பெற்ற நெடுமொழி" என்று ஒரு துறை வருகிறது. மாராயம் என்றால் அரசன் வீரனுக்குச் செய்யும் சிறப்பு. ஏனாதி, காவிதி போன்ற பட்டங்களை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். மாராயத்தை இன்று மீட்டெடுக்க முடியாது, யாருக்கும் விளங்காது. ஆனால் அதற்குப் பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள்: பெற்ற. இவ்வளவு காலத்துக்கு முன்பே நம் மொழி இதற்கு வழி போட்டு வைத்திருக்கிறது. சிறப்பு எதுவோ அதைச் சொல், பிறகு 'பெற்ற' என்று சொல். பட்டம் பெற்ற, பரிசு பெற்ற, பதக்கம் பெற்ற.

ஆக, என் தீர்ப்பு இது: 'தீரப் பதக்கம் பெற்ற படைவீரர்'. தீரம் என்றால் எல்லோருக்கும் தெரியும். பதக்கம் முதலில் மாலையில் தொங்கும் அணியாக இருந்து, இன்று நெஞ்சில் குத்தும் சின்னமாகிவிட்டது. சிங்களத்திலும் அதே ஒலியில் பதக்கம என்கிறார்கள். தீரம், பதக்கம் இரண்டும் வடமொழித் தொடர்புள்ள சொற்கள்தான், அதனால் எனக்கு இடைஞ்சல் இல்லை. பல பதக்கம் வாங்கியவர் என்றால் 'மிக அதிகப் பதக்கங்கள் பெற்றவர்'. விளையாட்டுப் பக்கத்திலும் அப்படித்தான். 23 தங்கத்தோடு 28 ஒலிம்பிக் பதக்கம் எடுத்த மைக்கேல் பெல்ப்ஸையும் 'அதிகம் அலங்கரிக்கப்பட்ட நீச்சல் வீரர்' என்று எழுதுவதை நிறுத்த வேண்டும்.

திரையில் இடம் போதாது என்று சொல்வார்கள். எண்ணிப் பாருங்கள். 'அலங்கரிக்கப்பட்ட' 11 எழுத்து. 'பதக்கம் பெற்ற' 8 எழுத்து.

இடம் இருந்தால் யார் கொடுத்த பதக்கம் என்றும் எழுதுங்கள். இந்த நகரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 1987 நவம்பரில் இலங்கையில் சண்டையில் இறந்த இந்தியப் படையின் மேஜர் இராமசாமி பரமேஸ்வரனுக்கு இந்தியா பரம் வீர் சக்ரா கொடுத்தது. 1991 ஜூலை 14 அன்று ஆனையிறவில் இறந்த இலங்கைப் படைவீரர் காமினி குலரத்னவுக்கு இலங்கை அரசு பரம வீர விபூஷண கொடுத்தது. ஒரே தெருவில் இருப்பவர்கள் அந்த ஆண்டுகளை ஒரே மாதிரி நினைப்பதில்லை. 'இந்திய அரசின் பரம் வீர் சக்ரா பெற்ற' என்று எழுதினால் கொடுத்தவர் தெரிகிறார், எழுதியவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. 'அலங்கரிக்கப்பட்ட' என்பதில் கொடுத்தவரே காணாமல் போகிறார்.

இதோடு ஒட்டிய வேறு சில பிழைகளும் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. தீரப் பதக்கத்தை யாரும் 'வெல்வதில்லை'. அது போட்டி அல்ல, பாதிக்கு மேல் இறந்தவரின் தாய் தந்தையர் வாங்கும் பதக்கங்களும் உண்டு. ஆகவே 'வழங்கப்பட்டது' என்று எழுதுங்கள். பிரித்தானியாவின் மிக உயர்ந்த தீரப் பதக்கமான விக்டோரியா சிலுவைக்கு 'பட்டையும்' கிடைத்தது என்று ஒருவர் எழுதியிருந்தார், வேறொரு பதக்கம் என்று நினைத்துவிட்டார். அதே பதக்கம் இரண்டாம் முறை கிடைத்தால் நாடாவில் ஒரு சிறு பட்டை குத்துவார்கள், அதுதான் அது. 1856இல் ஏற்படுத்தப்பட்ட அந்தச் சிலுவையை இரண்டு முறை பெற்றவர்கள் மூன்றே பேர். அவர்களில் இருவர் காயப்பட்டவர்களை மீட்ட மருத்துவர்கள். மூன்றாமவர் நியூசிலாந்தின் சாள்ஸ் அப்ஹம், 1941இல் கிரீட் தீவில் ஒரு முறை, 1942இல் எகிப்தில் ஒரு முறை. 'விக்டோரியா சிலுவையை இருமுறை பெற்றவர்' என்றால் முடிந்தது. அந்தச் சிலுவையும் பார்வைக்கு மங்கலான வெண்கலத் துண்டுதான், அலங்காரம் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

கடைசியாக வந்தது கொழும்புக்கு மிக நெருங்கியது. 1942 ஏப்ரல் 4 அன்று கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் இலங்கைக்குத் தெற்கே கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு வானொலியில் எச்சரிக்கை அனுப்பினார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் பிடிபட்டார். அடுத்த நாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பின் மேல் குண்டு விழுந்தது. அவரைப் பற்றி வந்த ஒரு கட்டுரையின் மொழிபெயர்ப்பில், 'சிறந்த பறக்கும் சிலுவையால் அலங்கரிக்கப்பட்டார்' என்று இருந்தது. ஆங்கிலத்தில் 'டிஸ்டிங்குவிஷ்ட் ஃப்ளையிங் குறொஸ்' என்ற பதக்கத்தைத்தான் அப்படிச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தார்கள். சிலுவை பறக்கவில்லை, பறந்தவர் அவர். சிவப்பு மையால் வெட்டிவிட்டுப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'வான்படைத் தீரத்துக்கான சிறப்புச் சிலுவை அவருக்கு வழங்கப்பட்டது.'