குர்க்குமினுக்கு என்ன பெயர் வைப்பது?

மொரீஷியஸில் பேசும் கிரியோல் மொழியில் மஞ்சளுக்கு "சஃப்ரான்" என்றுதான் பெயர். கறிக்கும் விந்தாய் என்ற அங்கத்திய உணவுக்கும் போடுவது அந்த மஞ்சள்தூளைத்தான். இது தெரியாதவர், சஃப்ரான் என்றால் குங்குமப்பூ என்னும் அகராதியை மட்டும் புரட்டி மொழிபெயர்த்தால், மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் பற்றிய மருத்துவக் குறிப்பு "முதுமையிலும் நினைவாற்றல் காக்கும் குங்குமப்பூச் சத்து" என்று தமிழில் வந்து நிற்கிறது. எத்தனை தடவைதான் பார்ப்பது! குங்குமப்பூவின் நிறம் குரோசின். செடியும் வேறு, வேதிப்பொருளும் வேறு, விலையைக் கேட்கவே வேண்டாம்.

சொல்லின் கதை சின்னதுதான். அரபியில் "குர்க்கும்" முதலில் குங்குமப்பூவைக் குறித்து, அப்புறம் மஞ்சளுக்கும் ஆனது. அது லத்தீனில் குர்க்குமா. 1815இல் மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த நிறப்பொருள் குர்க்குமின். குழப்பம் பழசுதான், சரி, அதற்காக இன்றைக்கும் அதையே எழுதலாமா?

இதைவிட எனக்கு எரிச்சல் தூய தமிழ் அன்பர்கள் குர்க்குமினுக்குப் பெயராகப் பிடித்துக்கொண்டிருக்கும் "மஞ்சள் சத்து". சத்து என்றால் உடம்பு தேறும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இதுவோ ஒரு நிறமி, மஞ்சள்தூளில் எடைக்குச் சுமார் 3 சதவீதம், சும்மா விழுங்கினால் ரத்தத்தில் சேர்வதே அபூர்வம். லாஸ் ஏஞ்சலீஸில் 51 முதல் 84 வயதுவரை உள்ள 40 பேரை வைத்து 18 மாதம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் நினைவாற்றல் கூடியது உண்மை, ஆனால் அங்கே கொடுத்தது எளிதில் உறிஞ்சப்படும்படி தயாரித்த குர்க்குமின், தினம் இருவேளை 90 மில்லிகிராம். "மஞ்சள் சத்து" என்று எழுதிவிட்டால் அந்தப் பெருமை முழுவதும் அடுப்படி டப்பாவுக்குப் போய்விடுகிறது, பாட்டியும் பாலில் இன்னொரு கரண்டி போடுகிறார். அதற்கு முந்தைய ஆண்டு, 2017இல், வந்த ஒரு திறனாய்வு 120க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளைச் சுட்டிக்காட்டி, முறையான ஒப்பீட்டுச் சோதனை ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்றதை யாரும் மொழிபெயர்க்கக் காணோம்.

"மஞ்சள் நிறமி" என்றால்? பரவாயில்லை, ஆனால் மஞ்சளில் அப்படி முக்கியமாக மூன்று உண்டு. அந்தக் கூட்டத்துக்கு "மஞ்சள் நிறமிகள்", இந்த ஒன்றுக்குக் குர்க்குமின் என்றே வைத்துக்கொள்ளலாம். இன்சுலினை அப்படியே எழுதித் தமிழ் ஒன்றும் கெட்டுப்போகவில்லையே.

நலமாக மூப்படைவதை "முதுமையைத் தடுக்கும்" என்று எழுதுவதும் இதே ஆட்கள்தான். அமெரிக்க அரசின் ஆயுள் சோதனையில் குர்க்குமின் தின்ற எலிகளுக்கே ஆயுள் நீளவில்லை.