டஸ்கனிக்கு எந்த மாதம் போகலாம்? முதலில் வயலைப் பாருங்கள்

பச்சைக் குன்று, அதில் வளைந்து ஏறும் மண் பாதை, இருபுறமும் சைப்ரஸ் மரங்கள். இந்தப் படத்தைக் கைப்பேசியில் காட்டி, "இங்கதான் போகணும், ஆகஸ்டில் லீவு கிடைக்கும்" என்று கேட்டு வருபவர்கள் அதிகம். பயணங்களைத் திட்டமிட்டுக் கொடுப்பது என் தொழில். அவர்களிடம் நான் முதலில் சொல்வது, அந்தப் பச்சை புல் இல்லை, கோதுமை.

படத்தில் இருப்பது பெரும்பாலும் இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், சியெனா நகரத்துக்குத் தெற்கே உள்ள வல் டோர்ச்சா பள்ளத்தாக்கு. 2004-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மனிதர் பல நூற்றாண்டுகளாக உழுது பயிரிட்டு உருவாக்கிய நிலக்காட்சி என்பதே அதன் பெருமை. இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை ஏப்ரல், மே மாதங்களில் பச்சை கட்டி நிற்கும். ஜூனில் பொன்னிறமாகும். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் அறுவடை. ஆகஸ்டில் போனால் அறுத்த தாளும் உழுது போட்ட களிமண் கட்டிகளும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதியை ஆகஸ்ட் நடுவில் அனுப்பிவைத்தேன். வெயிலைப் பற்றியும் செலவைப் பற்றியும் பேசினேனே தவிர, வயலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாம் நாள் அங்கிருந்து போன் வந்தது. "சார், படத்துல இருந்த இடம் இதுதானா?" அவர்கள் சரியான இடத்தில்தான் நின்றிருந்தார்கள். நான்தான் தவறான மாதத்தைக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து, எப்போது போகிறீர்கள் என்பதற்கு முன் என்ன பார்க்க ஆசை என்று கேட்கிறேன்.

ஆகஸ்டில் வேறு சிக்கல்களும் உண்டு. 15-ஆம் தேதி ஃபெர்ராகோஸ்தோ விடுமுறை. அதையொட்டி இத்தாலியர்களே கூட்டமாக ஊர் சுற்றக் கிளம்புவார்கள், சிறு கடைகள் பல பூட்டியிருக்கும். மறுநாள், 16-ஆம் தேதி, சியெனாவில் பாலியோ குதிரைப் பந்தயம். அந்த நாட்களில் அங்கே அறை கிடைப்பது கஷ்டம். அக்ரிதுரிஸ்மோ எனப்படும் பண்ணை விடுதிகளில் பல, கோடையில் சனி முதல் சனி வரை முழு வாரத்துக்குத்தான் அறை தரும்.

கார் ஓட்டாதவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கிராமத்து பஸ் அட்டவணையில் சில வண்டிகளுக்கு எதிரே 'ஸ்கோலாஸ்டிகோ' என்று போட்டிருக்கும். பள்ளி நடக்கும் நாட்களில் மட்டும் ஓடும் வண்டி என்று அர்த்தம். அங்கே ஜூன் இரண்டாம் வாரம் வாக்கில் மூடும் பள்ளிகள் செப்டம்பர் நடுவில்தான் திறக்கும். அதனால் சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் மாதங்களில்தான் பஸ் குறைவாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். பஸ்ஸை நம்பிப் போகிறவர்கள் மே மாதமோ செப்டம்பர் கடைசியோ போவது நல்லது.

பெரும்பாலானோருக்கு நான் மே மாதத்தைத்தான் சொல்வேன். கோதுமைப் பச்சைக்கு நடுவே சிவப்புப் பாப்பிப் பூக்கள் வருவது அப்போதுதான். இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் ஒத்துவரும். நடுவில் மழை வரும், சாயங்காலம் குளிரும், ஸ்வெட்டரை மறக்க வேண்டாம். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 மூன்றும் அங்கே அரசு விடுமுறை, அவற்றை ஒட்டிய வார இறுதிகளைத் தவிர்த்துவிடுங்கள். இத்தாலி போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே பயணத்துக்கு மார்ச் கடைசியில் ஓடி வராதீர்கள்.

ஜூன் கடைசியில்தான் முடியும் என்றால் பக்கத்து மாநிலமான உம்பிரியாவில் காஸ்டெலூச்சோ சமவெளியைப் பாருங்கள். கிட்டத்தட்ட 1,450 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பயறு வயல்களும் காட்டுப் பூக்களும் அங்கே தாமதமாகத்தான் பூக்கும். 2016 நிலநடுக்கத்தில் அந்தக் கிராமம் இடிந்துபோனது, ஆகவே தங்குவதற்குக் கீழே வேறு ஊர் பார்க்க வேண்டும்.

செப்டம்பரில், டஸ்கனியின் ஒயின் பகுதியான கியாந்திப் பக்கம் திராட்சை அறுவடை. நல்ல பருவம்தான். ஆனால் எந்த நாளில் பறிப்பது என்பதைப் பழம்தான் முடிவு செய்யும். தேதி குறித்துக்கொண்டு போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது நவம்பர் முதல் பாதி. ஆலிவ் பறிக்கும் காலம். மரத்தடியில் வலை விரித்து, கையளவு சீப்புப் போன்ற கருவியால் கிளைகளைக் கோதுவார்கள். பறித்ததைச் சீக்கிரமே ஆட்ட வேண்டும் என்பதால் ஃப்ரான்தோயோ எனும் செக்காலைகள் இரவிலும் ஓடும். ஓர் ஆலையில் உப்பே போடாத டஸ்கனி ரொட்டியைத் தணலில் சுட்டு, பூண்டைத் தேய்த்து, அப்போதுதான் வழிந்த எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கொடுத்தார்கள். பச்சைப் பசேல் என்று இருந்தது. முதல் வாயிலேயே மிளகு கடித்தது போலத் தொண்டை காறி இருமல் வந்தது. புது எண்ணெய்க்கு அதுதான் அடையாளம் என்றார்கள். நம் ஊர்க் கடையில் வாங்கும் எந்தப் பாட்டிலிலும் அந்தக் காரத்தை நான் கண்டதில்லை.

ஆனால் நவம்பர் எல்லோருக்கும் ஒத்துவராது. மழை அதிகம், மண் சாலைகள் சேறாகும், ஐந்து மணி வாக்கில் இருட்டிவிடும். விடுதிகள் பலவும் மூடிவிடும். திறந்திருக்கும் கல் வீடுகளிலும் குளிர் எலும்பைத் தொடும். ஃப்ளோரன்ஸ் போன்ற இடங்களில் கட்டட ஹீட்டரை நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை ஓட்டலாம் என்று விதியே இருக்கிறது. அந்தச் செலவை வாடகையோடு சேர்க்காமல் தனியாக வாங்கும் வீடுகளும் உண்டு.

அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஹீட்டர் செலவு வாடகையில் அடக்கமா, ஞாயிற்றுக்கிழமை பஸ் உண்டா என்று கேளுங்கள். அப்புறம், நாங்கள் வரும் வாரத்தில் உங்கள் நிலத்தில் என்ன வேலை நடக்கும் என்றும் கேளுங்கள். போன வருடம் ஒருவருக்காக நான் இப்படிக் கேட்டபோது, "பத்து நாள் தள்ளி வரச் சொல்லுங்கள், ஆலிவ் காய் இன்னும் முற்றவில்லை" என்று பதில் வந்தது. டிக்கெட்டை மாற்றிக்கொண்டோம்.