அஸே: மருந்தின் அளவறி சோதனை

வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுபவரிடம் டாக்டர், "லெவல் பாத்துட்டு வாங்க" என்பார். நோயாளி வாயில் அது 'லெவல்'. அதைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு ஆய்வகத்தில் 'அஸே' என்று பெயர். மாத்திரை ஒன்றேயானாலும் எல்லாருடைய ரத்தத்திலும் ஒரே அளவு ஏறுவதில்லை. ஃபெனிட்டாயினுக்கு வழக்கமான வரம்பு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம். குறைந்தால் வலிப்பு திரும்பலாம், கூடினால் நடை தள்ளாடும். போதாததற்கு, கல்லீரல் நொதிகள் கையாளும் எல்லையை எட்டிவிட்டால், டோஸைக் கொஞ்சம் கூட்டினாலே ரத்தத்தில் அளவு எகிறிவிடும்.

பிற்கால இலத்தீனில் 'எக்ஸாகியும்' என்றால் எடை போடுதல். அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'அஸே' என்ற சொல், பொன் வெள்ளியின் தரம் பார்க்கும் தொழிலோடு ஒட்டிக்கொண்டது. கட்டுரையைக் குறிக்கும் 'எஸ்ஸே'யும் இதே வேரில் முளைத்ததுதான்.

பொன்னின் தரம் பார்ப்பதற்கு நம்மிடம் 'மாற்று' என்ற பழைய சொல் இருக்கிறது. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்று. தட்டார் நகையை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுப்பார். பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த உரையாணியையும் இழுத்து, இரண்டு கோடுகளின் நிறத்தையும் ஒப்பிடுவார். ஆய்வகத்திலும் அதே முறைதான். மருந்து கலவாத பிளாஸ்மாவில் (அணுக்களை நீக்கிய ரத்தத்தின் நீர்ப்பகுதி) தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்து, குறைந்தது ஆறு செறிவுகளில் மாதிரிகள் தயாரிப்பார்கள். அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றினால் புரதம் வெள்ளையாகத் திரிந்து படியும். சுழற்றி, மேலே தெளிந்ததை நிறை நிறமாலைமானிக்குள் (மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் கருவி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) செலுத்துவார்கள். கருவி தரும் குறிகளைக் கொண்டு ஒரு வரைகோடு கிடைக்கும். நோயாளியின் மாதிரி அந்தக் கோட்டில் எங்கே விழுகிறதோ, அதுதான் லெவல். அளவு தெரிந்த மாதிரிகளே தம் உண்மை அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் (மிகக் குறைந்த செறிவில் 20 வரை பொறுப்பார்கள்) அவற்றை நம்ப மாட்டார்கள்.

எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் இம்யூனோஅஸே வேறொரு வகை. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950-களின் கடைசியில் இன்சுலினை அளக்க உருவாக்கியது இது. 1977-இல் யாலோவுக்கு நோபல் கிடைத்தபோது பெர்சன் உயிரோடு இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'மதிப்பீடு' என்று எழுதுகிறார்கள். பரீட்சைத் தாளுக்கும் சொத்துக்கும் அதே சொல்தான், அதனால் எனக்கு ஒட்டவில்லை. வெறும் 'சோதனை' என்றால் இருக்கிறதா இல்லையா என்பதோடு நின்றுவிடும்; அஸே கேட்பது எவ்வளவு என்று. பண்பறி பகுப்பாய்வு, அளவறி பகுப்பாய்வு என்று வேதியியல் பாடத்தில் ஏற்கெனவே படித்திருக்கிறோம். 'அளவறி சோதனை' அந்த வரிசையில் இயல்பாகவே உட்காருகிறது. இம்யூனோஅஸேயை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். பெயர்த்தால் வாய் வலிக்கும்.

பிளாஸ்மாவுக்குக் 'குருதிநீர்மம்' உண்டு. ரத்தம் உறைந்தபின் பிரியும் சீரம் வேறு, அது ஊநீர். இரண்டையும் 'ரத்தத் திரவம்' என்று ஒன்றாக்கிவிடக் கூடாது. மனநோய்க்கு லித்தியம் எடுப்பவரின் ரத்தத்தை உறையாமல் தடுக்கும் லித்தியம் ஹெப்பாரின் பூசிய பச்சை மூடிக் குழாயில் பிடித்து பிளாஸ்மா பிரித்தால், குழாயில் உள்ள லித்தியமும் சேர்ந்து கணக்கில் வரும். அவருக்கு உறையவைத்து ஊநீர் எடுப்பதே வழக்கம்.