படுக்கும் முன் மூன்று இட்லி

"அப்பாவுக்குக் கல்லீரல் சுருக்க நோய். மாலை ஆறரைக்கே கஞ்சி கொடுத்து முடித்துவிடுகிறோம். பருப்பு, முட்டை பக்கமே போவதில்லை. பத்தியம் சரிதானே?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை அம்மா. இரண்டுமே சரியில்லை.

மாவுச்சத்து குளுக்கோஸாகி, மிஞ்சியது கல்லீரலில் கிளைகோஜனாகச் சேர்கிறது என்பது பள்ளிப் பாடம். நல்ல கல்லீரலில் சுமார் 100 கிராம் இருக்கும். நாம் தூங்கும்போது மூளைக்குச் சர்க்கரை வருவது பெரும்பாலும் அந்தக் கிடங்கிலிருந்துதான். கல்லீரல் தழும்பேறிச் சுருங்கினால் கிடங்கும் சிறுத்துவிடும். ஆரோக்கியமான ஒருவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் வரும் நிலைக்கு, இந்த நோயாளி ஒரே இரவில் வந்துவிடுகிறார்.

கொழுப்பு இருக்கிறதே என்பீர்கள். அதுவும் எரியத்தான் செய்கிறது. ஆனால் கொழுப்பு அமிலத்தைக் குளுக்கோஸாக்கும் வழி நம் உடலில் இல்லை. ஆகவே தசையில் கை வைக்கிறது உடல். தசைப் புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிந்து குளுக்கோஸாகிறது. கழன்ற நைட்ரஜன் நஞ்சான அம்மோனியாவாகிறது. அதை யூரியாவாக்க வேண்டியதும் அதே நொந்த கல்லீரல்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தசையும் அம்மோனியாவைப் பிடித்துக் குளுட்டமைனாக மாற்றும். கல்லீரல் தளர்ந்தபின் அதற்குப் பதிலாள் தசை. அந்தப் பதிலாளை அறுத்துத்தான் இரவுச் சமையலே நடக்கிறது! தசை குறையக் குறைய அம்மோனியா மூளைக்கு ஏறும்: பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார், பேச்சு குழறும், நீட்டிய கை படபடக்கும். வயிறு நீர் கோத்துப் பெருத்திருந்தால் தராசு உண்மை சொல்லாது. தசை கரைந்திருக்கிறதா என்று அறிய, நெற்றிப்பொட்டின் குழியையும் கட்டைவிரலடி மேட்டையும் பாருங்கள்.

அம்மோனியாவுக்குப் பயந்து மருத்துவர்களே ஒரு காலத்தில் புரதத்தை நிறுத்தினார்கள். அதனால் பலனில்லை என்று 2004-இல் ஸ்பெயினில் நடந்த ஆய்வு காட்டியது. இன்றைய பரிந்துரை, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். பருப்பு, தயிர், முட்டை எல்லாம் உண்டு. எந்த வைத்தியர் பத்தியம் சொன்னாலும் சரி, நோயாளியைப் பட்டினி போடும் பத்தியத்தை நான் வைத்தியம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2008-இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், ஒரே ஊட்டபானத்தைச் சிலருக்குப் பகலிலும் சிலருக்கு இரவிலும் ஓராண்டு கொடுத்தார்கள். இரவில் குடித்தவர்களுக்கே உடலில் புரதம் கூடியது. இத்தனை மலிவான வைத்தியத்துக்கு இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும். ஆனால் இட்லிக்குக் காப்புரிமை கிடையாதே, யார் பணம் போடுவார்கள்?

அப்பா படுக்கும் முன் மூன்று இட்லியும் ஒரு டம்ளர் பாலும் கொடுங்கள். சர்க்கரை நோயும் இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றில் நீர் இருந்தால் உப்பு நாளுக்கு 5 கிராமைத் தாண்டக் கூடாது. ஊறுகாய் ஜாடியை மட்டும் எடுத்து ஒளித்துவையுங்கள்.