பொடிப்பனியில் மூச்சுத் திணறும் ஸ்னோமொபைல்: காற்றுவழியில் கை வைக்கும் முன்

இடுப்பளவு பொடிப்பனியில் முழு த்ராட்டிலில் ஏறிக்கொண்டிருக்கும் ஸ்னோமொபைலின் (பனியில் ஓடும் எஞ்சின் வண்டி) குரல் திடீரென்று மாறும். 8000-ஐ ஒட்டி நின்ற ஆர்பிஎம் 7000-க்கு இறங்கும், இன்னும் இறங்கும், வண்டி மேட்டிலேயே உட்கார்ந்துவிடும். அரை நிமிடம் நின்று, ஹூட்டைத் தட்டிவிட்டு மறுபடி முடுக்கினால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக்கை ஒட்டிய போல்டர் மலை, ஃப்ரிஸ்பி முகடு போன்ற இடங்களில் புதுப்பனி விழுந்த மறுநாள் அடிக்கடி கேட்கும் புகார் இது. எஞ்சினில் கோளாறு இல்லை. காற்று நுழையும் வென்ட்கள் பனியால் அடைபட்டிருக்கின்றன.

இதற்குப் பலர் செய்யும் முதல் வைத்தியம்: வெளிக்காற்று எஞ்சினுக்குப் போகும் முன் வந்து சேரும் டப்பாவான கம்பெனி ஏர்பாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சினுக்குள் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் பாடியின் வாயில் நேராகப் பாட் ஃபில்டர் என்ற சின்ன வடிகட்டியை மாட்டுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிஸ்டன் உருகிப் பிரித்துப் போட்ட டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் இந்த வேலையின் தடம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. பொடிப்பனியில் எஞ்சினுக்குத் தேவை கூடுதல் காற்று இல்லை, பனி கலக்காத காற்று. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் இது தெளிவாகும். 800 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் 8000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு ஒருமுறை நிரம்புகிறது. அதாவது நிமிடத்துக்கு அதிகபட்சம் 6400 லிட்டர், நொடிக்குச் சுமார் 107 லிட்டர் காற்று. 47 மி.மீ. விட்டமுள்ள இரண்டு த்ராட்டில் வாய்களின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 35 சதுர செ.மீ. அதன் வழியே காற்று நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தில் பனித்துகள், நீர்த்துளி, பிளாஸ்டிக் துருவல் எல்லாமே உள்ளே போய்விடும். அதே காற்று வென்ட்டில் ஒட்டிய, ஒரு ஏ4 தாள் அளவுள்ள வலை வழியே வந்தால், அதாவது சுமார் 620 சதுர செ.மீ. பரப்பில், வேகம் நொடிக்கு 1.7 மீட்டர்தான். தானாக விழும் பனிச்செதிலின் வேகம் ஏறக்குறைய நொடிக்கு 1 மீட்டர். உறிஞ்சும் வேகம் அதற்குப் பக்கத்தில் வரும்போது, வலையில் ஒட்டிய பனி எஞ்சின் அதிர்விலேயே உதிரத் தொடங்கும். பரப்பைப் பெரிதாக்கி வேகத்தைக் குறைப்பதுதான் மொத்த வேலையும்.

எனவே 800 வகுப்பு எஞ்சினுக்குக் குறைந்தது ஒரு ஏ4 அளவு வலைப்பரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒரே இடத்தில் வைக்காமல் மூன்று இடங்களுக்காவது பிரியுங்கள். பக்கவாட்டில் சரிந்து ஏறும்போது மேட்டுப் பக்கத்து வென்ட்கள் பனிக்குள் புதைந்துவிடும். மறுபக்கமும் டேஷுக்கு அருகிலும் இருப்பவை மூச்சு கொடுக்க வேண்டும். டர்போ வைத்த வண்டிக்கு இந்தப் பரப்பு போதாது, டர்போ தரும் கூடுதல் அழுத்தத்துக்கு ஏற்பக் கூட்ட வேண்டும்.

ஏர்பாக்ஸ் ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு வருவோம். அது வெறும் டப்பா இல்லை. உள்ளே வரும் காற்றை நிதானப்படுத்துகிறது, தப்பி வந்த பனியை அடியில் விழவைத்து வடிகுழாய் வழியே நீராக வெளியேற்றுகிறது, இரண்டு சிலிண்டருக்கும் ஒரே அழுத்தத்தைக் கொடுக்கிறது. கார்ப்ரேட்டர் வண்டிகள் சிலவற்றில் மிதவைக் கிண்ணத்தின் காற்றுக்குழாயும் இதில்தான் சேரும். பாக்ஸை எடுத்தால் பெட்ரோல் கலவையே நிலை மாறும். அதோடு ஹூட்டுக்குள் எக்ஸாஸ்ட் பைப் சூடாக்கிய காற்றைத்தான் எஞ்சின் இழுக்கும். வெளியே மைனஸ் 20 டிகிரிக் காற்று, 20 டிகிரிக் காற்றைவிட ஏறக்குறைய 16 சதவீதம் அடர்த்தி கூடியது. மலை இலவசமாகத் தரும் அந்தப் பலனைக் கையால் தூக்கி எறிவதாகும் அது.

இன்ஜெக்ஷன் வண்டியில் ஆபத்து இன்னும் நுணுக்கமானது. பெரும்பாலான மலை ஸ்லெட்களில் (மலைக்கான ஸ்னோமொபைல்கள்) கம்ப்யூட்டர் காற்றின் அளவை நேரடியாக அளப்பதில்லை. த்ராட்டில் நிலை, ஆர்பிஎம், காற்றழுத்தம், காற்றின் வெப்பம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுகிறது. ஏர்பாக்ஸில் இருந்த வெப்ப சென்சாரைப் பிடுங்கி எக்ஸாஸ்ட் பக்கத்தில் கேபிள் டையால் கட்டித் தொங்கவிட்டால், அது 40 டிகிரி என்று சொல்லும். வென்ட் வழியே வெளிக்காற்று நேராக வந்தால் எஞ்சின் இழுப்பதோ மைனஸ் 10 டிகிரிக் காற்று. கம்ப்யூட்டர் ஏறக்குறைய 16 சதவீதம் குறைவாகப் பெட்ரோல் விடும். முழு த்ராட்டிலில் நீண்ட ஏற்றம் ஒன்று போதும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழ. சென்சாரை எந்தக் காரணத்துக்கும் ஏர்பாக்ஸை விட்டு நகர்த்தாதீர்கள்.

வேலையை இருட்டான ஷெட்டில் தொடங்குங்கள். பக்கவாட்டுப் பேனல்களைக் கழற்றி, ஏர்பாக்ஸுக்குள் ஒரு சின்ன எல்இடி விளக்கை வைத்து மூடி, ஷெட்டின் விளக்கை அணையுங்கள். எந்தெந்த இணைப்பில் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் பனி நுழைகிறது என்று பொருள். கிளிப் சரியாக உட்காராதது, நுரைச் சீல் நசுங்கிப் போனது, ஹூட்டிலிருந்து வரும் குழாயின் வாய் பொருந்தாதது ஆகியவைதான் வழக்கமாகத் தெரியும். புது வென்ட் வெட்டும் முன் இவற்றைச் சரி செய்யுங்கள். நீர் உறிஞ்சாத, மூடிய நுண்ணறைகள் கொண்ட நுரைச் சீல் பட்டையே போதும், சிலிக்கோன் பசை பூச வேண்டாம்.

வென்ட் வெட்டும் பேனலை வண்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்து வெட்டுங்கள். வண்டியிலேயே வெட்டினால் துருவல் எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஓட்டையின் மூலைகளை வட்டமாக வையுங்கள். குளிரில் விறைத்த பிளாஸ்டிக் கூர்மூலையிலிருந்துதான் விரியும். சுற்றிலும் 25 மி.மீ. பிளாஸ்டிக் மிச்சம் விடுங்கள், வலுவுக்கு நிற்கும் விலாக்களை அறுக்காதீர்கள். முடிந்தவரை உயரத்தில், ஹேண்டில்பாருக்கு முன்னால் வரும் பகுதியில் வையுங்கள். மூக்குப் பக்கத்தில் தாழ்வாக வெட்டிய வென்ட் பொடிப்பனியில் ஒரு மண்வெட்டி போலத்தான் வேலை செய்யும்.

வலைக்கு நீர் ஒட்டாத, நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் துணி வேண்டும். ஸ்னோமொபைல் வென்ட்டுக்கென்றே பின்பக்கம் பசையோடு விற்கிறார்கள். காகித ஃபில்டர் நீரை உறிஞ்சி உப்பி அடைத்துக்கொள்ளும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரும் ஈரப்பனியில் உறைந்து போகும். வலையில் நூல் பாதி, துளை பாதி என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மேலே சொன்ன ஏ4 கணக்கு குறைந்தபட்சமே தவிர தாராளம் இல்லை.

ஒட்டும் வேலையில்தான் அவசரப்படுகிறார்கள். பேனலை 20 டிகிரிக்கு மேல் வெப்பமான அறையில் சில மணி நேரம் வைத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, வலையின் மூலைகளை வட்டமாக வெட்டி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தி ஒட்டுங்கள். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 72 மணி நேரம் வெப்ப அறையிலேயே இருக்கட்டும். டிரெய்லருக்குப் பக்கத்தில் நின்று குளிரில் ஒட்டிய வலை முதல் நாளே பெயரும். உட்பக்கம் ஒட்டிய வலை பெயர்ந்தால் உறிஞ்சப்பட்டு த்ராட்டில் தட்டில் சிக்கும், தட்டு மூடாது. உள்ளே ஒட்டுவதாக இருந்தால் ஓரத்தைப் பிளாஸ்டிக் ரிவெட்டாலும் பிடியுங்கள்.

எக்ஸாஸ்ட் பக்கத்தில் வெப்பம் வெளியேறும் வென்ட்களை மூடிவிடாதீர்கள். அங்கே பனி நுழைகிறதே என்று டேப் ஒட்டுபவர்கள் உண்டு. வெப்பம் தங்கினால் பேனல் உருகும், கிளட்ச் பெல்ட்டும் சீக்கிரம் போகும். அங்கும் வலைதான் தீர்வு.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரியும்? ஒளி ஊடுருவும் ரப்பர் குழாய் ஒன்றை U வடிவில் டேஷில் ஒட்டி, பாதிவரை கார் கண்ணாடி கழுவும் நீலத் திரவம் ஊற்றுங்கள். தண்ணீர் ஊற்றினால் உறைந்துவிடும். ஒரு முனையை ஏர்பாக்ஸில் இறுக்கமாகச் செருகுங்கள், மறுமுனை காற்றடிக்காத இடத்தில் திறந்திருக்கட்டும். ஒவ்வொரு காலும் 60 செ.மீ. உயரம் இருந்தால் திரவம் உள்ளே இழுபடாது. சமதளத்தில் முழு த்ராட்டில் ஓட்டத்தைக் கேமராவில் பதியுங்கள். இரு கால்களுக்கும் 10 செ.மீ. வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல் இழப்பு. 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே 80 கிலோபாஸ்கல்தான், ஆக ஒரு சதவீதத்துக்கும் சற்று மேல். மாற்றத்துக்கு முன்னும் பின்னும், சுத்தமான வலையோடும் பொடிப்பனியில் ஓட்டிய உடனேயும் எடுத்து ஒப்பிடுங்கள். அளவு முடிந்ததும் துளையை இறுக்கமாக அடைத்துவிடுங்கள்.

த்ராட்டிலை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்கத் தாமதித்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். காற்றுக் கசிவால் கலவை மெலிந்ததன் அடையாளம் அது. மாறாக, அடைபட்டு மூச்சுத் திணறிய கார்ப்ரேட்டர் எஞ்சினில் ப்ளக் கறுத்து ஈரமாக இருக்கும்.

மிகவும் பயப்பட வேண்டியது த்ராட்டில் உறைவது. மதியம் நிறுத்திய வண்டியின் சூட்டில் வலையில் இருந்த பனி உருகி உள்ளே வடிந்து, மறுபடி உறைந்து த்ராட்டிலைப் பிடித்துக்கொள்ளும். திறந்தபடியே நின்றால் வண்டி மரத்தை நோக்கித்தான் ஓடும். ஸ்டார்ட் செய்யும் முன் லீவரை நான்கைந்து முறை அழுத்தி விடுங்கள், ஒவ்வொரு முறையும் சடக்கென்று திரும்ப வேண்டும். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை அணைக்கும் டெதர் கயிறு எப்போதும் உடையில் மாட்டியிருக்க வேண்டும்.

சத்தத்தையும் கவனியுங்கள். வட அமெரிக்கச் சான்று பெற்ற ஸ்லெட் முழு த்ராட்டிலில் 50 அடி தூரத்தில் 78 டெசிபலைத் தாண்டக்கூடாது. இன்டேக் சத்தத்தை அடக்குவதும் ஏர்பாக்ஸ்தான். ஊர்க்காரர்களின் புகாரால் பாதைகள் மூடப்பட்டால் எல்லோருக்கும் நஷ்டம்.

நன்றாக மூச்சு விடும் வண்டி முன்பு எட்டாத சரிவுகளுக்கும் ஏறும். பனிச்சரிவு எச்சரிக்கை தரும் அவலாஞ்ச் கனடாவின் அன்றைய அறிக்கையைப் பார்க்காமல், புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் டிரான்ஸீவர் உடலிலும், மண்வெட்டியும் ப்ரோபும் (பனியைக் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி) முதுகிலும் இல்லாமல் அங்கே போகாதீர்கள். வண்டி புதைந்தால் மஃப்ளர் வாயும் பனிக்குள் போய்விடும். எக்ஸாஸ்ட் புகை ஹூட்டுக்குள் திரும்பி, நீங்கள் வெட்டிய அதே வென்ட்கள் வழியே எஞ்சினுக்குள் போகும், குனிந்து தோண்டுபவரின் மூக்கிலும் ஏறும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. முதலில் சாவியை அணையுங்கள், பிறகு மஃப்ளர் வாயைச் சுற்றித் தோண்டுங்கள், வலைகளைக் கையுறையால் தட்டிவிடுங்கள், அதன்பின் ஸ்டார்ட் செய்யுங்கள்.