பல்பின் மேல் ஒட்டிய காகிதம் ஏன் நிழலைக் கரைப்பதில்லை?

குறும்படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எல்.இ.டி. பல்பின் மேலேயே பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாக ஒட்டிப் பார்த்தேன். வெளிச்சம்தான் குறைந்தது, நடிகரின் மூக்கு நிழல் கத்தியால் வெட்டியதுபோல் அப்படியே விழுகிறது. வாடகை விளக்கின் மென்மை வீட்டில் செய்த விளக்கில் வரவே வராதா?" தாராளமாக வரும். காகிதத்தை ஒட்டிய இடம்தான் பிழையானது.

கருநிழல் (ஒளி அறவே எட்டாத நடுப்பகுதி), புறநிழல் (ஒளி ஓரளவு எட்டும் மங்கிய ஓரம்) என்ற இரண்டு சொற்களைக் கிரகணப் பாடத்தில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியதோடு நாம் மறந்துவிட்டோம். அன்றாடம் முகத்தில் விழும் நிழலுக்கும் அதே பாடம்தான் என்று சொல்லித்தராதது நம் அறிவியல் வகுப்புகளின் குறை என்றே நான் நினைக்கிறேன். நிழலின் ஓரம் எவ்வளவு அகலத்துக்கு மங்குகிறது என்பதை அறிய, ஒளிமூலத்தின் அகலத்தை, மறைக்கும் பொருளுக்கும் நிழல் விழும் பரப்புக்கும் உள்ள இடைவெளியால் பெருக்கி, மூலத்துக்கும் பொருளுக்கும் உள்ள தொலைவால் வகுத்தால் போதும். 6 செ.மீ. அகலமுள்ள பல்பு மூக்கிலிருந்து 2 மீட்டர் தொலைவிலும், நிழல் விழும் கன்னம் மூக்கு நுனிக்கு 4 செ.மீ. பின்னாலும் இருந்தால், மங்கும் ஓரம் 1.2 மி.மீ. மட்டுமே. அதே இடத்தில், பின்னாலிருந்து விளக்கு அடித்து ஒளிரவைத்த 150 செ.மீ. அகலமுள்ள வெள்ளைத் துணி இருந்தால் அந்த ஓரம் 3 செ.மீ. ஆகிவிடும், மூக்கின் நிழலே ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால் கருநிழல் மறைந்து, வெளிச்சத்திலிருந்து இருளுக்கு ஒரு நிதானமான சரிவு மட்டும் மிஞ்சும். பல்பின் மேல் காகிதத்தை ஒட்டியவர் 6 செ.மீ. மூலத்தை 7 செ.மீ. ஆக்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

அப்படியானால் காகிதமோ துணியோ எதற்கு? எனக்கு அலுக்காத இயற்பியல் இங்கேதான் இருக்கிறது. காகிதத்தின் செல்லுலோஸ் இழை தன்னளவில் நிறமற்றது, ஒளியை ஊடுருவ விடுவது. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் குறிக்கும் அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, இழைகளுக்கு இடையே அடைபட்ட காற்றுக்கு 1. இந்த இரண்டும் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையிலும், செங்குத்தாக விழும் ஒளியில்கூட ஏறத்தாழ 4 விழுக்காடு திரும்பிவிடும். சாய்ந்து விழுவது திசை மாறி உள்ளே போகும். அடுத்த இழையில் மீண்டும் அதே கதை. இப்படிப் பலமுறை திசை மாறி மறுபக்கம் வெளிவரும் ஒளிக்கற்றைக்குத் தான் எங்கிருந்து கிளம்பினோம் என்ற நினைவே இராது. அது எல்லாப் பக்கமும் பரவும், காகிதத்தின் ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்காகிவிடும். பட்சணம் வைத்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடிபோல் தெரிவதை இதற்கு எதிர்ச்சோதனையாகக் கொள்ளலாம்: செல்லுலோஸுக்கு நெருங்கிய விலகல் எண் கொண்ட எண்ணெய் காற்றிடைவெளிகளை நிரப்பிவிட, எல்லைகள் அழிந்து சிதறலும் நின்றுவிடுகிறது. தெர்மாகோலின் வெண்மைக்கும் காரணம் இதுதான். தெளிவான பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனில் காற்றுக் குமிழிகளை அடைத்தால் அது வெள்ளைவெளேரென்று ஆகிவிடும்.

ஆனால் துணி முழுதும் ஒளிர்ந்தால்தான் முழுத்துணியும் மூலமாகும். எல்லாப் பக்கமும் சமமாக ஒளி வீசும் ஒரு பல்பை 150 செ.மீ. துணிக்கு 15 செ.மீ. பின்னால் வைத்தால், துணியின் ஓரத்தில் விழும் ஒளி நடுவில் விழுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இராது, 75 செ.மீ. பின்னுக்கு இழுத்தால் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கிடைக்கும். முன்புறம் துணி கட்டி உள்ளே பல்பு வைக்கும் பெட்டியை அவ்வளவு ஆழமாகச் செய்ய முடியாதவர்கள் ஒரே பெரிய பல்புக்குப் பதிலாக ஒன்பது சிறிய பல்புகளை ஒரு பலகையில் பரப்பிப் பொருத்தலாம். துணி பின்னோக்கித் திருப்பும் ஒளியும் வீணாகாமலிருக்கப் பெட்டியின் உட்புறத்துக்கு வெள்ளை பூச வேண்டும்.

பெட்டியே வேண்டாம் என்பவர்கள் விளக்கைத் தெர்மாகோல் பலகையை நோக்கித் திருப்பி, திரும்பி வரும் ஒளியைப் பயன்படுத்தலாம். 1956இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்துக்காக ஸ்டூடியோவில் போட்ட வீட்டு முற்றத்துக்கு மேல் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா வெள்ளைத் துணியை வானமாகக் கட்டி, கீழிருந்து அதன் மீது விளக்குகளை அடித்துத் திறந்தவெளிப் பகல் வெளிச்சத்தைக் கொண்டுவந்தது இந்த வழியில்தான்.

மென்மை துணியோடு ஒட்டிப்பிறந்த குணமல்ல என்பதையும் மறக்கக் கூடாது. அதே 150 செ.மீ. துணியை 6 மீட்டருக்குத் தள்ளினால் 3 செ.மீ. ஓரம் 1 செ.மீ. ஆகச் சுருங்கும். பூமியைவிட நூறு மடங்குக்கும் மேல் அகலமான சூரியன், 15 கோடி கி.மீ. தொலைவில் இருப்பதால் அரை டிகிரி வட்டமாகத்தான் தெரிகிறது. உச்சி வெயிலில் நிழல் கூர்மையாக விழுவது அதனால்தான். ஆகவே காட்சிச் சட்டகத்துக்குள் தெரியாத அளவுக்குத் துணியை எவ்வளவு கிட்டே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கிட்டே கொண்டுவர வேண்டும்.

பல்பைப் பற்றிச் சுருக்கமாக. உறையில் அச்சிடும் சி.ஆர்.ஐ. எண் (பல்பு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு) எட்டு வெளிர் நிறங்களின் சராசரி மட்டுமே. தோலின் உயிர்ப்புக்கு முக்கியமான அடர்சிவப்பு அதில் சேர்வதில்லை. அதற்குரிய ஆர்9 மதிப்பைத் தனியாக அச்சிட வேண்டும் என்று உற்பத்தியாளர்களை ஏன் கட்டாயப்படுத்துவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. மலிவான பல்புகளின் வெளிச்சம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறையும், 60 ஹெர்ட்ஸில் 120 முறையும் ஏறி இறங்கும்; கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை முறையே 1/50, 1/60 நொடியாக வைத்தால் முழு அலைகள் பதிவாகும், முழு அலைகள் பதிவாகாத வேகத்தில் வைத்தால் திரையில் பட்டைகள் ஓடக்கூடும்.

பெட்டி உலோகத்தால் ஆனதென்றால் எர்த் கம்பி இணைக்காமல் சுவிட்சைப் போடக் கூடாது. எல்.இ.டி. பல்பின் அடிப்பாகம் சூடேறும் என்பதால் பின்புறத்தில் காற்றோட்டத் துளைகளும் தேவை. அவற்றின் வழியே கசியும் ஒளி சுவரில் விழாமலிருக்க, துளைகளுக்கு இரண்டு விரல் தள்ளி ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தினால் போதும்.